பால் சேராத தேத்தண்ணி

டாலிகஞ்சில் தேவேந்திரன் வீட்டுக்கு வழி கேட்டால் துணிக்கொடியைப் பார்த்துப் போகச் சொல்வார்கள். அதில் காயும் ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றுகூட முழுசாக இருக்காது. வயிற்றுப் பக்கம் சல்லடை போட்டதுபோல் பொடிப்பொடி ஓட்டைகள். ஆசிட் தெறித்து விழுந்தவை. வெயில் சாயும்போது அந்த ஓட்டைகள் வழியாக வெளிச்சம் சிந்தி, சிமெண்டுத் தரையில் புள்ளிகளாக ஆடும். வேலை விட்டு வந்த தேவேந்திரன் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கூப்பிட்டால் காதில் விழாது.

"உங்கப்பா கப்பல் ஏறிட்டாரு. கரைக்கு வந்ததும் சோறு போடலாம்" என்பாள் சுசீலா, மகள் உமாவிடம்.

வேலை ஜாபர் பாயின் பட்டறையில். ஃபீனிக்ஸ் பே படகுத்துறையைத் தாண்டி, அலையாத்தி மரங்கள் நிற்கும் ஓடையோரத்தில் இருக்கிறது அந்தத் தகரக் கொட்டகை. டிங்கி எனப்படும் சின்ன மீன்பிடி படகுகளின் என்ஜின்களைப் பழுது பார்ப்பது பாய். கூலர் கழுவுவது தேவேந்திரன். கூலர் என்பது தொடைத் தடிமனில் ஓர் இரும்பு உருளை. உள்ளே விரல் நுழையாத குழாய்கள் கட்டாக இருக்கும். கடல் தண்ணீர் அவற்றின் வழியே ஓடித்தான் என்ஜினின் சூட்டைத் தணிக்கிறது. ஓடுகிற தண்ணீர் சும்மா போவதில்லை. உப்பையும் சுண்ணாம்பையும் துருவையும் குழாய்ச் சுவரில் அப்பிவிட்டுப் போகும். வருஷம் ஒருமுறையாவது ஆசிட் விட்டுக் கரைக்காவிட்டால் வழி அடைத்துக்கொள்ளும். கடல் தாண்டி மெயின்லேண்டில் செப்புக் குழாய் போட்ட கூலர் கிடைக்கும். இந்தத் தீவில் எல்லாரும் ஜாபர் பாய் இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்து கொடுப்பதைத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆசிட் முதலில் அப்பிய உப்பைத் தின்னும். அது தீர்ந்ததும் நிறுத்திக்கொள்ளாது. இரும்பைத் தின்னத் தொடங்கும். உருளையின்மேல் காதை வைத்தால் அந்த மாற்றம் கேட்கும். முதலில் தகரக் கூரைமேல் பெருமழை. பிறகு மழை விட்டுச் சன்னமான தூற்றல். அந்தத் தூற்றல்தான் இரும்பு கரைகிற சத்தம்.

அதை நிறுத்தி வைக்க மெயின்லேண்டிலிருந்து ஒரு மருந்து வந்துகொண்டிருந்தது, கறுப்பு பாட்டிலில். ஆசிட்டில் கொஞ்சம் கலந்தால் இரும்பின்மேல் தோல்போலப் படர்ந்து காப்பாற்றும். ஆனால் மூடியைத் திறந்தால் கண் எரியும். விரலில் பட்டால் தோல் உரியும். கழுவிய தண்ணீர் ஓடையில் இறங்கிய இடத்தில், சேற்றில் தத்திக்கொண்டிருக்கும் சின்ன மீன்கள் ஒரு நாள் மல்லாந்து கிடந்தன. அக்கம்பக்கத்தார் பட்டறை வாசலில் கூடிச் சத்தம் போட்டார்கள். ஜாபர் பாய் அன்றோடு அந்த மருந்தைத் தலை முழுகினார்.

"மருந்து இல்லாட்டி என்னப்பா? வெறும் ஆசிட்ட ஊத்து, காதை வச்சிட்டே இரு, தூற்றல் கேட்டா டக்குனு வடிச்சிரு. சல்தா ஹை, அதுவே போதும்" என்றார்.

தேவேந்திரனும் அப்படித்தான் செய்துவந்தான். போன வருஷம் சுசீலாவின் தம்பி சந்திரமோகனின் கூலரைக் கழுவியபோதுதான் அது நடந்தது. காதை வைத்திருந்தான். மழை பெய்தது. தூற்றலும் வந்தது. அந்தத் தூற்றலில் அவனுக்கு, சுனாமிக்கு முன் வாழ்ந்த கட்சால் தீவு வந்துவிட்டது. ரப்பர் தோட்டத்து லயத்துக் கூரைமேல் விடியற்காலை விழும் தூற்றல் அது. பால் வெட்டப் போக முடியாது, இன்னும் கொஞ்சம் தூங்கலாம் என்று அர்த்தம். அவன் கண் திறந்தபடியே அங்கே போய்ப் படுத்துக்கொண்டான். திரும்பி வந்து ஆசிட்டை வடித்தபோது குழாய்ச் சுவர்கள் முட்டை ஓடுபோல் மெலிந்திருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

கடலுக்குப் போன சந்திரமோகனின் என்ஜினில் கூலர் ஓட்டையாகி, ஆயிலில் உப்புத் தண்ணீர் கலந்து, கரை மறையும் தூரத்தில் நின்றுவிட்டது. இரவு முழுக்க மிதந்திருக்கிறான். விடிந்த பிறகு வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. கரை இறங்கியவன் நேராக டாலிகஞ்சுக்கு வந்து, ஈர லுங்கியோடு கேட்டுக்கு வெளியே நின்றான்.

"உள்ள வாடா" என்றாள் சுசீலா.

"வரல. உன் புருசன்கிட்ட சொல்லு. கூலர் கழுவுறவன் முழிச்சிக்கிட்டு கழுவணும். கழுவுனவன் ட்ரையலுக்குப் படகுல ஏறணும். ரெண்டும் செய்ய மாட்டாருன்னா இட்லிக் கடை வைக்கச் சொல்லு."

"இட்லியும் தீஞ்சு போயிரும்டா" என்றாள் சுசீலா. அவள் சிரிக்க வைக்கப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. அதன்பிறகு அந்தக் கேட்டைத் திறக்கவும் இல்லை.

அவன் சொன்னதில் இரண்டாவதுதான் தேவேந்திரனைக் குத்தியது. என்ஜினில் கை வைத்தவன் முதல் ஓட்டத்தில் படகில் இருக்க வேண்டும் என்பது அந்தப் பட்டறையின் வழக்கம். தப்பு செய்திருந்தால் அவனும் சேர்ந்து மிதக்கட்டும் என்பது பொருள். தேவேந்திரன் மட்டும் ஏறுவதில்லை. அவனுக்குப் பதிலாக ஜாபர் பாயே போய்விடுவார். கப்பலில் ஏறுவான், பெரிய ஃபெர்ரியில் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவான். டிங்கியில் மாட்டான். சுனாமிக்குப் பிறகு கட்சாலிலிருந்து ஆட்களைச் சின்னப் படகுகளில்தான் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றினார்கள். கைக்குழந்தை உமாவை மடியில் வைத்துக்கொண்டு அவன் குனிந்து பார்த்தபோது, படகுக்கு அடியில் தெரு ஓடிக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர். தென்னைகள் கொண்டையை அசைத்தன. ஒரு தகரக் கூரை. அதன் பக்கத்தில் ரப்பர்ப் பால் உறைய வைக்கும் தட்டு ஒன்று வெள்ளையாக மின்னியது. அதற்கப்புறம் அவன் எந்தச் சின்னப் படகிலிருந்தும் குனிந்து பார்க்கத் தயாராக இல்லை.

இந்த வருஷம் உமாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை ஸ்ரீதர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். எல்லாம் சுமுகமாகப் போனது, ஒன்றைத் தவிர. பெண்ணுக்குத் தாய்மாமன்தான் முதல் மாலை போட்டுக் கைப்பிடித்து மணையில் உட்கார வைக்க வேண்டும். சுசீலாவுக்கு இருப்பது ஒரே தம்பி. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு போனாள். அவன் தட்டை வாங்கிக்கொண்டான்.

"வெத்தலைய எடுத்துக்கிறேன் அக்கா. மாலைய வேற யாரையாச்சும் வச்சி போட்டுக்க."

"வேற யாருடா? ஜாபர் பாயையா?"

"அவரு நல்ல மனுசன்தானே."

சுசீலா வீட்டுக்கு வந்து அழவில்லை. அரிசி களைந்தாள். களைந்த தண்ணீரைக் கொட்டாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். தேவேந்திரன் அதைக் கவனித்தான். கனவு காண்பது தன் வேலை மட்டும் என்று நினைத்திருந்தவன், எழுந்து போய் அவள் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கித் தண்ணீரைக் கொட்டினான்.

அந்த வாரமே சந்திரமோகனின் கூலர் பட்டறைக்கு வந்தது. புதிதாகச் செய்து மாட்டிய கூலர்தான். ஒரு பருவம் ஓடியதில் உள்ளே உப்பு கல்லாகிவிட்டது. கூலரை இறக்கிவிட்டு ஜாபர் பாயிடம் அவன் பேசியது, ஓடைப் பக்கம் நின்ற தேவேந்திரனுக்குக் கேட்கட்டும் என்றேதான்.

"பாய், மச்சானே கழுவட்டும். எனக்கு ஒண்ணுமில்ல. கழுவிட்டு என் படகுல ஏறி வரட்டும். போன தடவ எங்க நின்னுச்சோ அது வரைக்கும் போயிட்டு வருவோம். வந்து எறங்குனா மாலையப் பத்தி பேசலாம்."

ஜாபர் பாய் தாடியைச் சொறிந்தார். "உங்க குடும்பத்துச் சண்டைக்கு என் கூலர்தான் பஞ்சாயத்தா? படியா ஹை, ரொம்ப நல்லாருக்கு."

அன்று மாலை தேவேந்திரன் சோற்றைப் பிசைந்தபடி, மருந்தில்லாமல் வெறும் ஆசிட்டை நம்ப முடியாது, அந்தக் கறுப்பு பாட்டிலும் வேண்டாம் என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தான். உமா தட்டைக் கழுவிக்கொண்டே திரும்பினாள். அவள் இங்கே கல்லூரியில் கெமிஸ்ட்ரி படித்தவள்.

"இலைச் சாறு ஊத்திப் பாக்கலாமேப்பா. எங்க ப்ராஜெக்ட்டே அதுதானே. ஆணிய ஆசிட்ல போட்டு, கொய்யா இலை, நோனி இலை, தேயிலைன்னு ஒவ்வொண்ணா வேகவச்ச தண்ணிய ஊத்திப் பாத்தோம். அதுல துவர்ப்பு இருக்குல்ல, அது போயி இரும்புல ஒட்டிக்கும். ஆசிட் சீக்கிரம் தொட முடியாது."

"முழுசா நின்னுருமா?"

"நிக்காது. மெதுவாகும். சூடு ஏறுனா அதுவும் கொறஞ்சிரும்."

"மெதுவானா போதும்" என்றான் தேவேந்திரன்.

சுசீலாவுக்குக் கோபம் வந்தது. "இதை ஏண்டி போன வருசம் சொல்லல?"

"ப்ராஜெக்ட்டுன்னு வாயத் தொறந்தாலே, படிச்சது போதும் பாத்திரத்த கழுவுன்னு சொன்னது யாரு?"

மறுநாள் சமையலறைக்குப் பின்னால் இரண்டு ஊறுகாய் பாட்டில்களில் இரண்டு ஆணிகள் கிடந்தன. ஒன்றில் வெறும் ஆசிட். மற்றதில் அதே ஆசிட்டோடு வீட்டுத் தேயிலைச் சக்கையைக் காய்ச்சி வடித்த சாயம். வெறும் ஆசிட்டில் ஆணியைச் சுற்றிக் குமிழிகள் மேலே ஓடிக்கொண்டே இருந்தன, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி. சாயம் கலந்த பாட்டிலில் எப்போதாவது ஒரு குமிழி யோசித்து யோசித்துக் கிளம்பியது. தேன் நிறத்து வெளிச்சத்துக்குள் ஆணி தூங்குவதுபோல் இருந்தது. தேவேந்திரன் கன்னத்தில் கை வைத்து அதன் எதிரே குந்திக்கொண்டான். தேயிலை அவன் குடும்பத்துக்குப் புதிதல்ல. அவனுடைய அப்பாவும் அம்மாவும் சிலோன் மலையில் கொழுந்து பறித்தவர்கள். அங்கிருந்து அனுப்பப்பட்டுக் கட்சாலுக்கு வந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். அவன் ரப்பர்ப் பாலுக்கு ஆசிட் ஊற்றினான். இப்போது இரும்புக்கு ஊற்றுகிறான். தேயிலை, ஆசிட், இரும்பு மூன்றும் ஒரு பாட்டிலுக்குள் வந்து சேர்ந்ததுபோல் அவனுக்குத் தோன்றியது.

"ஆணி தூங்குது சரி. என் ஊறுகா பாட்டிலு?" என்றாள் சுசீலா.

கூலருக்குப் பாட்டில் அளவு போதாது. ஒரு டிரம் சாயம் வேண்டும். வீட்டுச் சக்கை எந்த மூலைக்கு? படகுத்துறை எதிரே டீக்கடை வைத்திருக்கும் வங்காளியிடம் தேவேந்திரன் பக்கெட்டைக் கொடுத்துவிட்டு வந்தான். "தாதா, சாய்பத்தி ஃபேக்கோ மத், சக்கையக் கொட்டாத. இதுல போடு" என்றான். கடைக்காரருக்குக் குப்பை கொட்டும் வேலை மிச்சம். சில நாளில் பக்கெட் நிரம்பி வழிந்தது. தேவேந்திரன் அதை டிரம்மில் கொட்டிக் காய்ச்சி ஆறவைத்தான். இஞ்சி மணந்தது. சாயம் கொஞ்சம் கலங்கலாகத்தான் இருந்தது. அவன் மனம் அந்நேரம் மணவறையில் இருந்தது. உமா மணையில் உட்கார, சந்திரமோகன் குனிந்து அவள் காலருகே கோலத்தை மிதிக்காமல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாயத்தை ஆசிட்டில் கலந்தான். பம்பைப் போட்டான். குழாய் வழியாகக் கூலருக்குள் அனுப்பினான்.

உருளைக்குள் கொஞ்ச நேரம் மழை பெய்தது. பிறகு பம்ப் முனகியது.

"அரே தேவா! பம்ப் ஏன் பிள்ளை பெக்குற மாதிரி சத்தம் போடுது?" உள்ளேயிருந்து கத்தினார் ஜாபர் பாய்.

பம்பை நிறுத்தி மூடியைக் கழற்றினார்கள். குழாய் வாய்கள் அத்தனையும் வெள்ளையாக அடைத்திருந்தன. திரிதிரியாக, கொழகொழவென்று ஏதோ. அடைத்த குழாய்களுக்குள் ஆசிட் தேங்கி நிற்கிறது என்ற நினைப்பு தேவேந்திரனை விரட்டியது. ஹோஸை எடுத்துப் பீய்ச்சினான். வெளியே கொஞ்சம் வந்தது, உள்ளே நிறைய நின்றது. கம்பி விட்டுக் குத்தப் போன பாயின் கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாம் பாய், கீறிடும்." பக்கத்துத் தென்னையிலிருந்து ஓலையை இழுத்து ஈர்க்கு கிழித்து, ஒவ்வொரு குழாயாக நுழைத்து நுழைத்து எடுத்தான்.

அவன் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுத் தூக்கோடு சுசீலா வந்து சேர்ந்தது அப்போதுதான். தரையில் குவிந்திருந்த வெள்ளையை விரலால் தொட்டாள். கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றே ஜாபர் பாய் நினைத்தார்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு தாங்காமல் கவிழ்த்த பக்கெட்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பாய், இவரு கட்சால் ஃபேக்டரியில என்னா வேல பாத்தாரு தெரியுமா? பாலுக்கு ஆசிட் ஊத்துற வேலை. தெனமும் ஊத்துனாரு. தெனமும் ஒறஞ்சுது. டீக்கடைச் சக்கையில பால் இருக்கும், ஆசிட் பட்டா திரிஞ்சு ஒறையும்னு ஊருல யாருக்கு வேணா தெரியாம போகலாம். உங்களுக்குமா தெரியாது?" என்று கணவன் பக்கம் திரும்பினாள்.

தேவேந்திரன் ஈர்க்கும் கையுமாக நின்றான். உண்மைதான். தட்டுத்தட்டாக ரப்பர்ப் பால் ஊற்றி, ஆசிட் சொட்டு விட்டு, கையால் ஒரு சுழற்று சுழற்றிவிட்டால் போதும். திரும்பிப் பார்ப்பதற்குள் வெள்ளை நிலா மாதிரி கெட்டியாகிக் கிடக்கும். எத்தனை நிலா. அதே காரியத்தை மச்சினனின் கூலருக்குள் செய்து வைத்திருக்கிறான்.

"ரப்பர் ஷீட் போட்டுக் குடுத்திருக்கேன்" என்றான் மெதுவாக. பிறகு அவனும் சிரித்துவிட்டான். ஜாபர் பாய் மட்டும் சிரிக்கவில்லை. "மியா பீவி, புருசனும் பொண்டாட்டியும் சிரிச்சு முடிச்சா கொழாயப் பாருங்க. அரிச்சிருக்கா?"

டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கண்ட வரையில் சுவர் மெலியவில்லை. பால் கலந்திருந்தாலும் தேயிலை தன் வேலையைச் செய்திருக்கிறது. உப்புக் கல் பாதிதான் கரைந்திருந்தது. இன்னொரு முறை கழுவியே ஆக வேண்டும்.

"நம்ம வீட்டுச் சக்கையில ஏங்க பால் இல்ல?" என்றாள் சுசீலா, வீட்டுக்குத் திரும்பும் வழியில். பதிலும் அவளே சொன்னாள். "நாம வெறுந் தேத்தண்ணி குடிக்கிற சனம்ல."

டாலிகஞ்சிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் கட்சாலிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் பல உண்டு. வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது, அதில் பால் பாக்கெட் இருக்கிறது. ஆனாலும் தேத்தண்ணியில் ஊற்ற மாட்டார்கள். கறுப்புச் சாயத்தை டம்ளரில் எடுத்து, உள்ளங்கையில் சீனி வைத்து, ஒரு நக்கு ஒரு மிடறு. மற்ற ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். சுசீலா பை எடுத்துக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போனாள்.

"சக்கையா? மாடு வாங்கிட்டியா சுசீலா?" என்று கேட்டார்கள்.

"கல்யாணத்துக்கு விருந்துல போட" என்றாள் அவள்.

எந்தெந்த வீட்டுக்குப் போனாள் என்று அவள் சொல்லவில்லை. தேவேந்திரனும் கேட்கவில்லை. மொட்டைமாடியில் சாக்குகளின்மேல் சக்கை காய்ந்தது. காற்று அடித்தால் தெருவே மலைத்தோட்டம் மாதிரி மணந்தது. உமா பழைய வேட்டியை மடித்து மடித்துச் சாயத்தை வடித்துக் கொடுத்தாள். வடித்த சாயத்தில் ஒரு கிளாஸ் எடுத்து அதில் ஆசிட் சொட்டு விட்டுப் பார்த்தாள். உறையவில்லை.

"வெயில் ஏறதுக்கு முன்னாடி முடிச்சிருங்கப்பா. ஆசிட் குளிர்ச்சியா இருக்கணும்."

பறவைகள் எழும் நேரத்தில் பட்டறையைத் திறந்தார்கள். ஓடைமேல் வெள்ளையாக மூட்டம் படுத்திருந்தது. அலையாத்தி வேர்கள் அதற்குள் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை. தேவேந்திரன் பம்பைப் போட்டுவிட்டு உருளையில் காதை வைத்தான். சுசீலா பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். அவன் கப்பல் ஏறிவிடக் கூடாதே என்றுதான் வந்திருந்தாள்.

"என்னா கேக்குது?"

"மழை."

"உமா கல்யாணப் புடவைக்கு பார்டர் பச்சையா, ஊதாவா?"

"மழை இன்னும் நிக்கல."

"நான் பார்டர் கேட்டேன்."

"பச்சை."

"ஊதான்னு முடிவாயிருச்சு."

"அப்புறம் எதுக்குக் கேக்குற?"

"முழிச்சிட்டு இருக்கீங்களான்னு பாக்க."

மழை குறைந்தது. நின்றது. தேவேந்திரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூற்றலுக்காகக் காத்திருந்தான். அது எளிதில் வரவில்லை. உருளைக்குள் ஓர் அமைதி இருந்தது. தூரத்தில் யாரோ ஒருவர் மட்டும் நடந்து போவதுபோல் எப்போதாவது ஒரு சின்னச் சத்தம். அந்த அமைதியில் கட்சால் எட்டிப் பார்த்தது. லயம், ஈர வாசல், அடுப்புப் புகை. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, பம்பை நிறுத்த எழுந்தான்.

ஆசிட்டை வடித்துத் தண்ணீர் விட்டுக் கழுவியபோது குழாய்களின் உட்சுவர் கருத்து வழவழப்பாக, நாள்பட்டுக் கறையேறிய தேத்தண்ணிக் கோப்பை மாதிரி இருந்தது. வடித்ததைச் சுண்ணாம்பு கலந்து தொட்டியில் ஆறவிட்டு, ஆசிட் காட்டம் போன பிறகுதான் ஓடையில் விட்டார்கள். ஜாபர் பாய் வெகுநேரம் கரையில் நின்று சேற்றைப் பார்த்தார். மீன்கள் தத்திக்கொண்டுதான் இருந்தன. "இதுங்களுக்கும் டீ குடுத்தாச்சு" என்றபடி உள்ளே போனார்.

கூலரை மாட்டிய அன்று சந்திரமோகனின் டிங்கி துறைச் சுவரோரம் ஆடிக்கொண்டிருந்தது. சுவருக்கும் படகுக்கும் நடுவில் ஒரு முழம் தண்ணீர். தேவேந்திரன் அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி நின்றான். பச்சையாக, அடி தெரிகிற தண்ணீர்.

"ஏறுங்க மச்சான்" என்றான் சந்திரமோகன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

ஜாபர் பாய் மெல்லச் சொன்னார், "முடியாட்டி விடு தேவா. நான் போறேன்."

சுசீலா முன்னால் வந்தாள். ஒரு ஃபிளாஸ்க்கையும் ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு டம்ளர்களையும் கணவன் கையில் கொடுத்தாள். அதை வாங்கியதால் அவனுக்குப் பிடித்துக்கொள்ளக் கை இல்லாமல் போயிற்று. கால் மட்டும்தான் இருந்தது. அதை எடுத்து வைத்தான். படகு அமுங்கி ஆடியது. சந்திரமோகன் அப்போதும் திரும்பாமல், பின்கையாலேயே அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து உட்கார வைத்தான்.

துறையின் சத்தம் பின்னால் கரைந்தது. ஹேவ்லாக் தீவுக்குப் போகும் ஃபெர்ரி ஒன்று வெள்ளையாகக் கடந்து போனது. அதன் அலையில் டிங்கி ஏறி இறங்கியது. தேவேந்திரன் கூலரின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தான். காய்ச்சல் குழந்தையின் நெற்றிபோல் இளஞ்சூடு. அதற்குமேல் ஏறவில்லை. படகின் பக்கவாட்டிலிருந்து, கூலரில் ஓடி வந்த தண்ணீர் சீராகக் கடலுக்குள் விழுந்துகொண்டிருந்தது. கரை ஒரு பச்சைக் கோடானது. பிறகு கோடும் மூட்டத்தில் போயிற்று.

சந்திரமோகன் என்ஜினை அணைத்தான்.

"இங்கதான்" என்றான்.

அவ்வளவு பெரிய நிசப்தத்தைத் தேவேந்திரன் கேட்டதில்லை. படகு தன் போக்கில் மெல்லத் திரும்பியது. வானமும் கடலும் ஒரே நிறமாக, தேய்த்துக் கழுவிய தகரம் மாதிரி இருந்தன. அவன் குனியக் கூடாது என்றுதான் நினைத்தான். குனிந்தான். கூரை இல்லை, தெரு இல்லை. ஆழத்துக்குள் வெளிச்சம் நீள நீளமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

"இப்பிடித்தான் இருந்திச்சா, மோகன்?"

"இருட்டுல இன்னும் நல்லா இருக்கும்" என்றான் மச்சினன். பிறகு, "உங்களத் திட்டிக்கிட்டே இருந்தேன். நல்லா பொழுது போச்சு" என்றான்.

"நான் தூங்கிட்டேன் மோகன், அன்னிக்கி. கண்ணு தொறந்துதான் இருந்திச்சு."

"தெரியும். ஊருக்கே தெரியும். இந்தத் தடவ?"

"உங்கக்கா எதிர்ல உக்காந்து புடவை பார்டர் கேட்டுக்கிட்டே இருந்தா."

சந்திரமோகன் கைப்பிடியைச் சுழற்றினான். என்ஜின் ஒருமுறை இருமியது. இரண்டாம் முறை பிடித்துக்கொண்டது. பக்கவாட்டில் மறுபடி தண்ணீர் விழத் தொடங்கியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி விரலில் தடவிப் பார்த்தான் சந்திரமோகன். கறுப்பாக, உப்புத் தண்ணீர் கலக்காமல் இருந்தது. அதன் பிறகுதான் அவன் ஃபிளாஸ்க்கைப் பார்த்தான்.

"ரெண்டு டம்ளர் குடுத்திருக்கா. பெரிய ஆளுதான்."

தேவேந்திரன் ஊற்றிக் கொடுத்தான். சுசீலா சீனிப் பொட்டலம் வைத்திருக்கிறாளா என்று சட்டைப் பையைத் துழாவினான். இருந்தது, பையின் ஓட்டை வழியாகப் பாதி சிந்தியிருந்தது. மிஞ்சியதை இருவரும் உள்ளங்கையில் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

"என் வீட்டுச் சக்கையும் அந்த டிரம்முல இருந்திச்சு, தெரியுமா?" என்றான் சந்திரமோகன், சீனியை நக்கியபடி.

தேவேந்திரன் நிமிர்ந்தான்.

"அக்கா வந்தா. நான் பேசல. அவளும் பேசல. நேரா அடுப்பங்கரைக்குப் போயி என் பொண்டாட்டிகிட்ட பையக் காட்டுனா. இவ வாரி வாரிப் போட்டா. அடுத்த நாளு எனக்கு நாலு தடவ தேத்தண்ணி. எதுக்குடின்னா, கூலருக்குங்கிறா." அவன் டம்ளரைச் சாய்த்துக் கடைசி மிடறைக் குடித்தான். "மாலைக்கு மல்லியா, ரோசான்னு அக்காவ சொல்லச் சொல்லுங்க. மெயின்லேண்டுலேர்ந்து ஃப்ளைட்டுல வரணும். இப்பவே சொன்னாத்தான் கெடைக்கும்."

"உமாகிட்ட கேக்கணும்."

"கேளுங்க. கேக்குறப்ப முழிச்சிட்டு கேளுங்க."

கரைக்குத் திரும்பும்போது மூட்டம் கலைந்து, ஃபீனிக்ஸ் பே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது: முதலில் ஒரு கிரேனின் தலை, பிறகு கப்பல்கள், பிறகு சுவரின்மேல் சுசீலாவின் ஊதாப் புடவை. அவள் உட்காரவில்லை. படகு கட்டப்படும் வரை அந்த இடத்தைவிட்டு நகரவும் இல்லை. தேவேந்திரன் ஏறி வந்து ஃபிளாஸ்க்கை நீட்டியதும், முதலில் டம்ளர்களைத்தான் வாங்கினாள். ஒன்றிலிருந்து ஒன்றை உருவி, வெளிச்சத்தில் சாய்த்து உள்ளே பார்த்தாள். இரண்டின் அடியிலும் சாயம் வட்டமாகப் பிடித்திருந்தது.

"சீனி பத்துச்சா?" என்றாள்.